ஐம்பது ஹெர்ட்ஸ்

கழுத்தில் மயிர் மழித்த இடம் மட்டும்
புது மாப்பிள்ளையின் தாடைபோல் வெளுத்திருந்தது.
தொப்பி என்று பெயர் ஆட்டுக்கு.
கருத்த உடம்பு, உச்சியில் ஒரு கை வெள்ளை.
மூன்று வாரமாக மேட்டில் ஏறும்போது விழுகிறது.
விழுந்து, எழுந்து,
ஒன்றும் நடக்காததுபோல் மேய்கிறது.

"பேய் தள்ளுதுண்ணு சொல்லுதாவ சாரே,
எனக்கு அதுல நம்பிக்கை இல்ல" என்றாள் ரீத்தம்மாள்.
"காத்து தள்ளுமோ?"

ஆரல்வாய்மொழியில் நியாயமான சந்தேகம்தான்.
ஆடி மாதம் இங்கே சைக்கிள்காரன்
சாய்ந்துதான் நேராகப் போகிறான்.

காற்றில்லை. நெஞ்சு.
நாலு காலிலும் கிளிப் மாட்டி எடுத்த தாளில்
மேலறை நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு,
கீழறை முப்பத்துநாலு.
ஒரே வீட்டுக்குள் இரண்டு உலை,
ஒன்றையொன்று கேட்காமல் கொதிக்கிறது.

இடையில் எங்கே அறுந்தது?
அதைப் பார்க்க உள்ளே போகவேண்டும்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
தூக்கி எறிய இருந்த மின்முனை வடம் ஒன்றை
நண்பன் சுத்தம் செய்து தந்திருந்தான்.
மரத்துப்போகும் ஊசி போட்டு, கழுத்து நாளம் வழியே,
இருட்டில் சாவித்துவாரம் தேடுவதுபோல் தள்ளினேன்.
மாசானம் கொம்பைப் பிடித்திருந்தார்.
ஆடு என்னைப் பார்க்கவில்லை,
சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரைப் பார்த்தது.

தாளில் வந்தது இதயம் அல்ல.
தடித்த கறுப்புப் பட்டை.
வினாடிக்கு ஐம்பது முறை நடுங்கும் ஊர் மின்சாரம்.
மின்விசிறியை நிறுத்தினேன். டியூப் லைட்டை.
தடுப்பூசி இருந்த பிரிட்ஜை.
எர்த் கம்பியை அடிபம்புக் குழாயில் கட்டினேன்.
பட்டை கொஞ்சம் மெலிந்தது, போகவில்லை.
சுவரே முனகியது.
வெளியே கணவாய் முழுக்கக் காற்றாலைகள்
மெகாவாட் மெகாவாட்டாக அனுப்பிக்கொண்டிருக்க
நான் தேடியது
ஒரு மில்லிவோல்ட்டில் கால்வாசி.

லைன்மேன் டைட்டஸுக்குப் போன் செய்தேன்.
"ஆட்டுக்கா?" என்று இரண்டு முறை கேட்டான்.
"பத்து நிமிசம் தாறேன். பதினொண்ணு ஆச்சுண்ணா
மில்லுக்காரன் என்னத் தின்னுருவான்."

முனகல் நின்றபோதுதான்
இத்தனை வருடம் அது இருந்தது தெரிந்தது.

பேட்டரியில் தாள் நகர்ந்தது.
முதலில் மேலறையின் மேடு.
சற்றுத் தள்ளி ஒரு முள்,
எறும்புக் கால் அளவு: ஹிஸ் கற்றை.
பிறகு
வெறும் கோடு.
மேடு, முள், வெறும் கோடு.
எப்போதாவது ஓர் அகலமான அலை
யாருக்கும் பதில் இல்லாமல், தன்பாட்டுக்கு.

டைட்டஸ் உள்ளே வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"இது சப்ஸ்டேஷனா?"
ஆமாம் என்றேன்.
"இந்த முள்ளு டிரான்ஸ்பார்மரு?"
அப்படிச் சொல்லலாம்.
"அப்ப அதுவரைக்கும் வருது. அதுக்குக் கீழதான் அறுந்துருக்கு.
பொறவு இந்தப் பெரிசு? ஓ... ஜெனரேட்டர் ஓடுது."

எனக்கு இதைப் படிக்க
கல்லூரியில் ஒரு முழு ஆண்டு பிடித்தது.

"ஒட்டிக் குடுக்க முடியுமா?" என்றாள் ரீத்தம்மாள்.
மனிதருக்கு வைக்கிற பெட்டி உண்டு என்றேன்.
அந்த விலைக்கு இருபது ஆடு வாங்கலாம்.
"அந்த இருவதும் விழாதுண்ணு எழுதித் தருவியளா?"
பிறகு அவளே முடிவு செய்தாள்:
"மேட்டுக்கு இனி விடல்ல. சானல்கரையில கட்டிப்போடுதேன்.
ஜெனரேட்டரு ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

ஒன்பதாம் நிமிடம் கரண்ட் வந்தது.
விசிறி சுற்றியது, பிரிட்ஜ் உதறி எழுந்தது,
முள் நின்ற இடத்தை
ஊர் மறுபடி கறுப்பாக மூடிக்கொண்டது.

வடத்தை உருவி, கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தபோது
மேசையிலிருந்து தொங்கிய தாளை
தொப்பி தின்னத் தொடங்கியிருந்தது.
இருந்ததிலேயே தெளிவான நாலு துடிப்பு அந்த முனையில்.
மாசானம் வாயிலிருந்து பிடுங்குவதற்குள்
இரண்டு போய்விட்டது.

மீதியை ரிஜிஸ்டரில் ஒட்டினேன்,
ஓரம் ஈரமாக, பல் பதிந்து.
பக்கத்தில் எழுதினேன்:
ஹிஸ் வரை சரி.